'கோ' என்னும் சிறு சொல்



'சொசைட்டிக்குப் போய் வருகிறேன்' என்று சொல்லிப் புறப்படுகிறீர்கள். பயிர்க்கடனுக்கா, பால் ஊற்றவா, ரேஷன் வாங்கவா? மூன்றுக்கும் நாம் வழங்குவது அந்த ஒரு சொல்தான். அதைப்போலவே 'கூட்டுறவு' என்று பொருள்படும் கோ-ஆப்பரேட்டிவ் என்ற சொல்லும் 'கோ-ஆப்' என்றும், 'கோ' என்றும் சுருங்கிவிட்டது.

1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கம். அங்கே 'கோ-ஆப்' பெயரின் முன்னே நிற்கிறது. 1967இல் தோன்றிய உர நிறுவனமான இப்கோவில் அதே சொல் 'கோ' என்று கடைசியில் நிற்கிறது. இதன் உறுப்பினர்களும் கூட்டுறவுச் சங்கங்களே.

ஆனால், 'கோ' என்று முடிவதெல்லாம் கூட்டுறவு அன்று. டிட்கோ, சிட்கோ இரண்டும் அரசுக் கழகங்கள். அங்கே 'கோ' என்பது கார்ப்பரேஷன் என்பதன் சுருக்கம். தனியார் கம்பெனிகளும் 'கோ' என்று பெயர் வைத்துக்கொள்வதுண்டு. எனவே, பணம் கட்டுமுன் முழுப்பெயரைக் கேளுங்கள். கூட்டுறவுச் சட்டப்படி பதிவானதா, பதிவு எண் என்ன என்று பாருங்கள்.

'பாங்க்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஊர்ச் சங்கத்தைப் பலரும் 'கோ-ஆப்பரேட்டிவ் பாங்க்' என்றே சொல்கிறோம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போடும் பணத்திற்கு வைப்புக் காப்பீடு உண்டு. அதன் வரம்பு 2020இல் ரூ.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்திற்கு அந்தக் காப்பீடு இல்லை. இதனால் சங்கத்தை நம்பக்கூடாது என்பதல்ல. தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு என்பதே இதன் பொருள்.

கூட்டுறவின் அடையாளம் பெயரில் இல்லை, உரிமையில் இருக்கிறது. கம்பெனியில் பங்குக்கு ஏற்ப வாக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பத்து ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஆளுக்கொரு வாக்கு. நீங்கள் முழு உறுப்பினரா, இணை உறுப்பினரா என்று கேட்டறியுங்கள். இருவருக்கும் உரிமைகள் ஒன்றல்ல.

அடுத்த பேரவைக் கூட்டத்திற்கான அறிவிப்பு வரும்போது, அதை மடித்துச் செருகிவிடாமல் நேரில் சென்று வரவு செலவைக் கேளுங்கள். 'சொசைட்டி' என்பது எதிரே தெரியும் கட்டடம் மட்டுமன்று. அதில் நீங்களும் ஒருவர்.