நோய்க்கும் ஒரு செக்ரோல்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் கமிட்டித் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரைப்பேர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாள் முழுக்க மலையில் நின்றாலும் கொழுந்து குறைந்தால் பாதிநாள் போய்விடும். நோயால் மனிதருக்குப் போகும் நாட்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதைப்பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

முன்பெல்லாம் உலக சுகாதாரக் கணக்கு என்றால் பெரும்பாலும் சாவுக் கணக்குதான். அதுவும் சரியாக இருக்கவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் பொறுப்பானவர்கள் தனித்தனியே சொன்ன பிள்ளைகளின் சாவுகளைக் கூட்டினால், இறந்த பிள்ளைகளின் மொத்தத் தொகையையே தாண்டியது. அமெரிக்கரான கிறிஸ்தோபர் மரேயும் அவுஸ்திரேலியரான அலன் லோபஸும் இதைச் சீர்செய்ய இறங்கினார்கள். ஒரு சாவுக்கு ஒரே மூலகாரணம் என்று வைத்தார்கள். சாகாமல் நோயோடு கிடப்பவரின் நாட்களையும் சேர்த்தார்கள்.

கணக்கு இதுதான்: ஒருவர் காலத்துக்கு முன்பே இறந்தால், வாழவேண்டிய வருடங்கள் முழுதாக நட்டம். நோயோடு வாழ்ந்தால், அதன் கடுமைக்கேற்ப ஒவ்வொரு வருடத்திலும் ஒரு பங்கு நட்டம். இரண்டையும் கூட்டினால் அந்த நோயின் சுமை. உலக வங்கி 1993 இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த முறை வந்தது. சாவுக் கணக்கில் தலைகாட்டாத மனச்சோர்வு நோய், 1990 ஆம் ஆண்டுக்கான சுமைக் கணக்கில் உலகில் நான்காவது இடத்தில் நின்றது.

தராசை யார் பிடிப்பது என்று நாம் எப்போதும் கேட்பவர்கள். இங்கும் அந்தக் கேள்வி எழுந்தது. எந்த நோய் எவ்வளவு கடுமை என்பதை முதலில் நிபுணர்களே முடிவுசெய்தார்கள். கைக்குழந்தையின் வருடத்துக்கும் முதியவரின் வருடத்துக்கும், உழைக்கும் வயதினரின் வருடத்தைவிடக் குறைந்த மதிப்புப் போட்டார்கள். பலர் எதிர்த்தார்கள். 2010 ஆம் ஆண்டுக்கான ஆய்வில் அந்த வயது வித்தியாசம் நீக்கப்பட்டது. பங்களாதேஷ், இந்தோனேசியா, பெரு, தன்சானியா நாடுகளில் வீடுவீடாகச் சென்று சாதாரண மக்களிடமே கேட்டார்கள். தொலைபேசி, இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களோடு சேர்த்து ஏறக்குறைய 30,000 பேர்.

அந்த ஆய்வின்படி, நோயோடு வாழும் வருடங்களில் உலகிலேயே முதலிடம் இடுப்புவலிக்கு. வேலையால் வரும் இடுப்புவலி ஆபத்து விவசாயத் தொழிலாளருக்கே மிக அதிகம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையும் முன்வரிசையில் இருக்கிறது. கூடையோடு சரிவில் நிற்கும் நம் பெண்களுக்கு இவை புதிய செய்தியா?

ஆனால் இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு மலைக்குப் போனால், அந்த வலி எந்தப் புத்தகத்திலும் ஏறாது. பேச்சுவார்த்தை மேசையில் நாம் வாயால் சொல்வதற்குத் தாளில் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே மூன்று வேலைகள்:

ஒன்று, டிஸ்பென்சரிக்குப் போனால் வலி எங்கே, எத்தனை நாளாக என்று சொல்லி எழுதவையுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி வைக்கட்டும். என்ன வேலை, என்ன நோய், எத்தனை பேர் போனது என்று பதியட்டும். சம்மதமில்லாமல் யாருடைய பெயரும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் எழுதித்தருவோம்.

மூன்று, கொழுந்தின் அளவைக் கூட்டப் பேசும்போதெல்லாம் அந்தக் கொப்பியை மேசையில் வைப்போம். சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கொண்டுபோவோம்.

அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.