பண்டிதை இரமாபாயும் அவர் மகளும்

1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அசாமிலுள்ள சில்சார் என்னும் ஊரில், வழக்கறிஞர் ஒருவர் வாந்திபேதி கண்டு இறந்தார். அவருடைய மனைவிக்கு அப்பொழுது இருபத்துமூன்று வயது. மடியிலிருந்த பெண்குழந்தைக்கோ ஓராண்டும் நிறையவில்லை. அந்த மனைவியே பண்டிதை இரமாபாய், குழந்தை மனோரமா.

தாய் தந்தையர் பஞ்சத்தில் மடிந்தனர். உடன் அலைந்த தமையனும் 1880இல் மறைந்தான். அவர் மணந்தது வேறு சாதியினரை ஆதலின், சுற்றம் என்று சொல்லிக்கொள்ள எஞ்சியவர் மிகச் சிலரே. கல்கத்தாவின் பண்டிதர்கள் அளித்த 'சரசுவதி' என்னும் பட்டம் இருந்தது. ஆயினும், கைம்பெண் என்ற பெயரின் முன்னே பட்டத்துக்கு அக்காலச் சமூகம் அளித்த மதிப்பு அற்பமே. ஒருவன் மகள், ஒருவன் மனைவி என்றே பெண்ணை அறிந்த உலகில், இவ்விரண்டும் இழந்தவள் தன்னை யாரென்று சொல்வாள்?

மருத்துவம் பயிலும் நோக்கத்துடன் 1883இல் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அவர் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியமையால் அந்நோக்கம் நிறைவேறவில்லை. வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடம் இருவருக்கும் இடமளித்தது. அக்கன்னியர், சமூகம் ஒதுக்கிவைத்த பெண்களுக்கென நடத்திய இல்லமொன்றை இரமாபாய் இலண்டனிலே கண்டார். இத்தகையோரிடம் இவ்வளவு பரிவு எங்ஙனம் பிறந்தது என்று வினவியபோது, யோவான் எழுதிய சுவிசேஷத்திலுள்ள சமாரியப் பெண்ணின் வரலாறு அவருக்கு விடையாகக் காட்டப்பட்டது. ஊரார் இகழ்ந்த ஒருத்தியிடம் கிணற்றருகே தண்ணீர் கேட்டு, அவளைத் தமக்கு ஒப்ப இருத்தி உரையாடிய இயேசுவை அவர் அங்கே கண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

இத்துடன் கதை முடிந்தது என்று எண்ணுவோர் இரமாபாயை அறியாதவரே. உண்மையான போராட்டம் இதன் பின்னரே தொடங்கிற்று. அவரை அன்புடன் பேணிய ஜெரால்டைன் அம்மையாரை 'ஆஜீபாய்', அதாவது பாட்டி, என்றே அவர் அழைத்தார். ஆயினும் அந்தப் பாட்டியோடு அவர் கடிதம் கடிதமாக வாதிட்டார். இலத்தீன் சொற்கள் பொறித்த சிலுவையை அணிய மறுத்து, சமஸ்கிருதச் சொற்களே தகும் என்றார். புலாலுண்ண மறுத்ததைச் சாதிச் செருக்கு எனச் சிலர் கருதியும் தம் வழக்கத்தை விட்டிலர். ஆடவருக்குக் கற்பித்தல் கூடாது என ஆயர்கள் தடை சொன்னபோது, ஆடவர் நிறைந்த அவைகளில் தாம் இந்தியாவில் உரையாற்றியதை எடுத்துக்காட்டினார். எல்லாவற்றிலும் கூர்மையானது மனோரமாவைப் பற்றிய வாதமே. தமது அறிவுக்கு விளங்காத கோட்பாடுகளைக் குழந்தையின் நாவில் திணித்தலை அந்தத் தாய் ஏற்கவில்லை. உண்ணும் உணவும் உறையுளும் பிறர் தந்தவை. எனினும் குழந்தையின் வளர்ப்புக்குக் கடவுளிடம் பொறுப்பேற்றவள் தானே என்பதில் அவர் தளரவில்லை. உதவி பெறுவோர் வாய்மூடியிருத்தல் வேண்டும் என்பது உலக வழக்கு. அவரோ நன்றியையும் மறவாது, தம் உரிமையையும் விடாது நின்றார்.

அமெரிக்கா சென்று, நூல் எழுதிப் பொருள் திரட்டி, 1889இல் பம்பாயில் சாரதா சதனம் என்னும் கல்விச்சாலையைத் திறந்தார். இளங் கைம்பெண்களுக்கென எழுந்த அந்நிலையம் அடுத்த ஆண்டே பூனாவுக்கு மாறிற்று. தாம் கிறிஸ்துவின் சமயத்தைக் கண்டடைந்தாரேயன்றிக் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று அவர் உணர்ந்ததும் இக்காலத்திலேயே. காலைதோறும் மகளுடன் வேதம் ஓதிச் செபிப்பார், அறைக்கதவைச் சாத்துவதில்லை. மாணவியர் சிலர் தாமாகவே வந்து அருகிருந்தனர். இதனால் எழுந்த கலகத்தில் 1893இல் ரானடே முதலிய ஆலோசகர் விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை மீட்டுச் சென்றனர். அஞ்சியோரின் அச்சத்தை முற்றிலும் குறைகூறுதல் நியாயமன்று. அவர்களுக்கு அளித்த வாக்கு சமயச் சார்பின்மை அன்றோ? ஆயினும் தன் குழந்தையுடன் தன் அறையிற் செபிக்கும் உரிமையை ஒரு தாயிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வது எங்ஙனம் என்பதே இரமாபாயின் வினா. கதவு திறந்தபடியே இருந்தது.

1896-97ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தபோது, பசியால் பெற்றோரை இழந்த தம் இளமையை அவர் மறக்கவில்லை. ஆதரவற்ற பெண்களைத் தேடிக் கொணர்ந்து, கேட்கான் என்னும் இடத்தில் 'முக்தி' என்னும் நிலையத்தை வளர்த்தார். 1900ஆம் ஆண்டளவில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, அச்சுத்தொழில் என அவர்களே உழைத்து உண்டனர். சமூகம் ஒதுக்கிவைத்த பெண்களுக்கென ஒரு தனி இல்லமும் எழுந்தது. இலண்டனிற் கண்டது அதுவே.

கன்னியரும் தாயும் வாதிட்ட அந்தக் குழந்தை வளர்ந்து, அன்னையின் பள்ளிகளிற் பொறுப்பேற்று, குல்பர்கா நகரிலும் பள்ளியொன்றைத் தொடங்கினாள். முக்தியின் பொறுப்பு முழுவதும் அவளுக்கே என்று தாய் எண்ணியிருக்க, மனோரமா 1921 ஜூலையில் இறந்தாள். தாய்க்கு அப்பொழுது அறுபத்துமூன்று வயது. எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களுக்கு விளங்கும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் பணி அவர் மேசைமேல் இருந்தது. அதனை அவர் தொடர்ந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவரும் மறைந்தார். வேதாகமம் 1924இல் முழுமையாக வெளிவந்தது.