மூத்த கலமும் பேணும் கையும்

கல்வராயன் மலையில் தோன்றிக் கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரத்திற்கு அருகே ஓடும் கோமுகி, வெள்ளாற்றுப் படுகையைச் சார்ந்த ஆறு. அவ்வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலொடு கலக்கின்றது. உழவும் கரும்பும் செழித்த இவ்வூரில் படகு பழுதுபார்ப்பதைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஆயின், இவ்வூர் நீர் சென்றடையும் முகத்துவாரத்தில் மீனவர் ஆண்டுதோறும் ஆற்றும் பணியை உற்றுநோக்கினால், அஃது உழவர்க்குப் புதியதன்று என்பது விளங்கும்.

இவ்வுறவைச் சங்கப் புலவர் அன்றே கண்டனர். நற்றிணையின் 315ஆம் பாடலில், முதுமையுற்று விளிம்பு சிதைந்து தொழிலுக்கு உதவாத படகொன்றைப் பரதவர் புன்னை மரநிழலில் கட்டி வைக்கின்றனர். நடை தளர்ந்த நல்லெருதை உழவர் புல் நிறைந்த தோப்பில் விட்டுவிடுவதை அதற்கு உவமையாக்குகிறார் அம்மூவனார். நெய்தல் நிலத்துக் கலத்தை விளக்க மருத நிலத்து எருது வந்து நிற்கின்றது. உழைத்த ஒன்று மூப்படைந்தபோது அதனை உடையவன் என் செய்வான் என்பதே இரு நிலத்துக்கும் பொதுவான வினா. எருதுக்கு ஓய்வு தரலாம். மாற்றுக் கலம் வாங்க வழியற்ற மீனவன் மூத்த கலத்தைப் பேணியே ஆகவேண்டும்.

பேணுதற்கு உரிய காலம் மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள்களாக இருந்த இத்தடை, 2017 முதல் 61 நாள்களாயிற்று. ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகின்றது. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக விதிக்கப்பட்ட இவ்விடைவெளி, விசைப்படகுகளுக்கு மருத்துவக் காலமாகவும் அமைந்துவிட்டது. வருவாய் இல்லாத அந்நாள்களில்தான் செலவும் வருகின்றது. ஆகவே, கூலிக்கு ஆள் வைக்க இயலாதவன் தன் கையையே கருவியாக்கிக் கொள்கிறான்.

கரையேற்றிய மரப்படகின் அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி எடுப்பது முதற்பணி. அடுத்தது சோதனை. சுத்தியலால் பலகையை மெல்லத் தட்டினால், நல்ல மரம் கணீரென ஒலிக்கும். இற்ற மரம் மந்தமாக ஒலிக்கும். கடல்நீரால் விளையும் கேட்டினும் உள்ளே தேங்கும் மழைநீரால் விளையும் கேடு மிகுதி. உப்பு மரத்தை ஓரளவு காக்கும். நன்னீரோ மரத்தைத் தின்னும் பூசணத்தை வளர்க்கும். படகைக் கரையில் நிறுத்தும்போது அதன் மேல் கூரையிட்டும், நீர் வடியும் துளையைத் திறந்தும் வைப்பதன் காரணம் இதுவே.

பலகைகளுக்கிடையே உள்ள இணைப்புகளில் பஞ்சுத் திரியை உளியால் செலுத்தி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பத்து அடித்தல் என்பர். வெயிலில் உலர்ந்த பலகை சுருங்கி இடைவெளி அகலும். கடலில் இறங்கியதும் நீரை உண்டு பருத்து அதுவே இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இதனை அறியாதவன் அகன்ற இடைவெளி முழுவதும் திரியை இறுக அடைத்துவிடுவான். பலகை பருக்கும்போது இடமின்றி ஆணி நெகிழும். மரத்திற்கு விட்டுவைக்கவேண்டிய இடம் எவ்வளவு என்பதைக் கைதான் அறியும்.

1950களில் தமிழகக் கடற்கரையில் விசைப்படகுகள் பரவத் தொடங்கியபின், மரத்தை அறிந்த கை இரும்பையும் கற்கவேண்டியதாயிற்று. எஞ்சின் படகின் உள்ளே அமர்ந்திருக்க, அதன் சுழல்தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியேறிச் சுழல்விசிறியைத் திருப்புகின்றது. படகில் வேண்டுமென்றே இட்ட துளை அது. அத்துளையின் வழியே கடல் உட்புகாமல் காப்பது கிளாண்ட் என்னும் உறுப்பும், அதனுள் வளையங்களாகச் சுற்றப்படும், கொழுப்பேற்றிய கிளாண்ட் கயிறும் ஆகும்.

கிணற்றடியில் ஆயில் எஞ்சினையும் பம்பையும் இயக்கிய கள்ளக்குறிச்சி வட்டார உழவர் இக்கயிற்றை நன்கறிவர். தண்டு சுழலும்போது கிளாண்ட் ஓரிரு துளிகளாகச் சொட்டவேண்டும். அத்துளியே உராய்வின் சூட்டைத் தணிப்பது. ஒழுகுகிறதே என்று அஞ்சி முழுவதும் இறுக்கினால் கயிறு கருகும். தண்டு தேய்ந்து பள்ளம் விழும். பிறகு எத்துணை இறுக்கினும் நீர் நிற்காது. கிணற்றடியில் இப்பிழைக்கு ஒரு நாள் பாசனம் கெடும். கடலிலோ உயிர் போகும். மணல்திட்டு மேவிய முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்வதற்குச் சில நொடிகளே போதும்.

எஞ்சினையும் சுழல்தண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது மற்றொரு நுட்பம். கரையில் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினும், நீரில் மிதக்கும்போது படகின் உடல் சிறிது வளைந்துகொடுக்கும். எனவே, இறுதிச் சரிபார்ப்பைப் படகை நீரில் இறக்கியபின்னரே செய்தல் வேண்டும். சுக்கான் அருகே பொருத்தும் துத்தநாகக் கட்டியும் இங்குக் கருதத்தக்கது. உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் அவற்றுள் ஒன்று அரிக்கும். துத்தநாகம் தான் அரிபட்டுச் சுக்கானையும் விசிறியையும் காக்கின்றது. பாதிக்கு மேல் கரைந்ததும் அதனை மாற்றிவிடவேண்டும். அதன்மீது வண்ணம் பூசினால் பயனற்றுப் போகும்.

கண்ணாடியிழைப் படகுக்கு இத்தொல்லைகள் இல்லை என்பர் சிலர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அத்தகைய படகுகள் நம் கடற்கரையில் மிகுதியாகப் பெருகின. அவ்வெண்ணத்திற்கு அமெரிக்கா நல்ல மறுமொழி தருகின்றது. 1922இல் மின்னசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் தொடங்கிவைத்த நீர்ச்சறுக்கு விளையாட்டு, பின்னர் அதற்கென்றே உள்ளெஞ்சின் படகுகளைத் தோற்றுவித்தது. அவற்றின் பழைய கண்ணாடியிழைப் படகுகளுள் பலவற்றில், எஞ்சினைத் தாங்கும் நெடுஞ்சட்டங்கள் இழைக்குள் பொதிந்த மரமே. திருகாணித் துளை வழியே நீர் கசிய, புறத்தே பளபளப்பு மாறாமல் உள்ளே மரம் இற்றுப்போகின்றது. வார விடுமுறையில் தம் பழைய படகைத் தாமே செப்பனிடும் அந்நாட்டவரும் சுத்தியலால் தட்டி ஓசையைத்தான் கேட்கின்றனர். ஒருவர்க்குப் பொழுதுபோக்கு, மற்றவர்க்குப் பிழைப்பு. செவியின் கல்வியோ இருவர்க்கும் ஒன்றே.

தானே பழுதுபார்த்தல் என்பது எல்லாவற்றையும் தானே செய்துவிடுதல் அன்று. எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் பிரிக்கத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். முதுகெலும்பாகிய ஏரா முறிந்தால் தச்சர் வேண்டும். அவர்களை எப்போது அழைப்பது என்பதை அறிவதும் பேணும் கையின் அறிவே. இனிக் கடலுக்கு உதவாது என்று கண்டபோது கலத்தைக் கரையோடு நிறுத்தும் துணிவும் அதனைச் சார்ந்தது. அம்மூவனார் காட்டும் புன்னை நிழல் அத்துணிவின் அடையாளம் எனலாம்.

அணியம், ஏரா, வங்கு, சுக்கான், கலப்பத்து என இக்கையோடு கூடவே ஒரு சொற்செல்வமும் வாழ்கின்றது. கலப்பத்து என்னும் சொல் அரபிக்கும் போர்த்துக்கீசியத்திற்கும் உறவுடையது. பல நாட்டு மாலுமிகள் தமிழ்க் கரையில் பழகியதற்கு அச்சொல்லே சான்று. மரப்படகு குறையக் குறைய இச்சொற்களைப் பேசும் நாவும் குறைகின்றது. பாடலில் வாழும் அம்பியும் திமிலும் உரையாசிரியர்களால் காக்கப்பட்டன. கரையில் வாழும் சொற்களுக்கு உரையாசிரியர் இன்னும் வரவில்லை. பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று அடுத்த தடைக்காலத்தில் கோமுகியின் நீர்வழியே பரங்கிப்பேட்டை சென்று, மூத்த கலங்களின் நிழலில் அமர்ந்து, அக்கைகள் சொல்வதைக் கேட்டு எழுதுமானால், அது தமிழுக்கு ஆற்றும் பெருந்தொண்டாகும். கேட்டெழுதுவதற்கு ஆண்டில் 61 நாள்கள் உள்ளன. சொல்வதற்கு உரிய முதியோரோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.