பாறையறிந்த உளி



செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கிடையே, ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் பாடற்காட்சி ஒன்று எடுக்கப்பட்டது. 1964இல் வெளிவந்த அப்படத்தை இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு, கதை கே. பாலசந்தருடையது. முதலில் மேடை நாடகமாக இருந்த அதனை, நாகேஷை மனத்தில் வைத்தே பாலசந்தர் எழுதினார்.

பாலசந்தர் சென்னையில் ஏ.ஜி. அலுவலக ஊழியர், நாகேஷ் இரயில்வே ஊழியராக இருந்தவர். இருவரையும் நாடக மேடை நண்பர்களாக்கியது. கதாநாயகன் என்றால் அழகன் என்றிருந்த காலத்தில், ஒல்லியான உடலும் அம்மைத் தழும்பேறிய முகமும் கொண்டவரை நகைச்சுவைக்கென ஒதுக்குவதே வழக்கம். பாலசந்தரோ தாம் முதன்முதலாக இயக்கிய ‘நீர்க்குமிழி’யில் (1965) நண்பரையே நாயகனாக்கினார். மரணம் நெருங்க, மருத்துவமனையில் பிறரைச் சிரிக்கவைக்கும் மனிதனின் கதை அது. ‘எதிர்நீச்சல்’ (1968) மாதுவும் அவ்வாறு பிறந்தவனே.

மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்களும் நின்ற பாறையிலேயே குடையப்பட்டவை. கல் இடந்தந்த அளவுக்கு வடிவம் எழுந்தது. பாலசந்தரும் நண்பரின் முகத்தை மாற்ற முயலவில்லை. அம்முகத்துக்கு ஏற்ற கதையைச் செதுக்கினார். ஆனால் கல் சிற்பிக்கு மறுமொழி சொல்வதில்லை. நாகேஷ் சொன்னார். ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில், சுவரில் விழுந்த தம் நிழலோடு மதுக்கோப்பையை உயர்த்தி அவர் உறவாடும் கணம், எழுத்தில் இல்லாமல் அவருக்கே தோன்றியது என்பது திரையுலகம் இன்றும் சொல்லும் செய்தி.

திரைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே, ‘நம்மவர்’ (1994) படத்துக்காக, துணைநடிகருக்கான தேசிய விருது அவரை வந்தடைந்தது. 2009 ஜனவரி 31 அன்று அவர் மறைந்தார். நாகேஷ் ஒரு மேதை என்று பலமுறை மனந்திறந்து சொன்னவர் பாலசந்தர். எழுதாத வரியையும் நடித்துத் தரும் துணையை இழந்தவரின் சொல்லாக அதன்பின் அது கனத்தது. 2014 டிசம்பர் 23 அன்று அவரும் விடைபெற்றார்.

கவிஞர்களே, நண்பர்க்குக் கையறுநிலை பாடுவது நம் மரபு. பாரிக்குக் கபிலரும், அதியமானுக்கு ஔவையும் பாடினர். ஆயினும் அவ்விருவரும் நண்பர் வாழ்ந்த நாளிலேயே அவர்தம் பெருமையைப் பாடியவர்கள். பாலசந்தரும் இரங்கலுரைக்குக் காத்திருக்கவில்லை. சுந்தரமும் மாதுவும் அவர் முன்கூட்டியே எழுதிவைத்த நன்றியுரைகள். அருகில் அமர்ந்திருக்கும் நண்பரின் ஆற்றலை இன்றே எழுதிவிடுதல் நம் கடன்.