ஊர் தந்த ஊற்று

நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவர் உள்ளத்தில் இயல்பாகவே ஒரு வினா எழும். இதனை எழுதியவருக்கு இக்கருத்து எங்கிருந்து கிடைத்தது? அருளால் கிடைத்தது என்பர் சிலர். கல்வியால் கிடைத்தது என்பர் வேறு சிலர். இரண்டையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவை இரண்டுக்கும் முன்னதாக வேறொன்று உண்டு. அதுதான் எழுத்தாளன் பிறந்து வளர்ந்த ஊர். அவ்வூரார் வாயிலிருந்து வந்த சொல்லே பல பெரும் படைப்புகளின் முதல் ஊற்று.

நேயர்களே, இக்கூற்றுக்குப் பழைய சான்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அந்நூலின் பதிகம் காப்பியம் பிறந்த வரலாற்றைக் கூறுகின்றது. இளங்கோவடிகள் குணவாயிற்கோட்டத்தில் இருந்தபோது, மலைவாழ் குறவர் வந்து தாம் கண்ட புதுமையை அவருக்கு அறிவித்தனர். மார்பொன்றை இழந்த ஒருத்தி வேங்கை மர நிழலில் நின்று, தங்கள் கண்முன்னே விண்ணுலகு புக்காள் என்றனர். உடனிருந்த சாத்தனார் அவள் வரலாற்றை எடுத்துரைத்தார். அதன் பின்னரே அடிகள் பாடத் தொடங்கினார். சேரர் குடியிற் பிறந்த துறவியின் காப்பியத்துக்கு வித்திட்டவர் எழுத்தறியாத மலைமக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

அந்தக் கண்ணகியின் கதை கடல் கடந்து வன்னி நாட்டுக்கும் வந்தது. மதுரையை எரித்தபின் ஈழம் வந்த அம்மன் பல இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாம்பளையாகிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். நந்திக்கடலோரத்தில் அமைந்த அக்கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையிலேதான் முன்னோடி நிகழ்வுகள் தொடங்குகின்றன. கடல்நீரை எடுத்து வந்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரைக்கொண்டே விளக்கெரிப்பது வழிவழி வந்த வழக்கம். கோவலன் கூத்தும் அவ்வூர் மக்களின் உரிமைச் சொத்து. முல்லைமோடி என்று தனிப்பெயர் பெற்ற ஆட்டமுறை அது. மலைமக்கள் வாயில் எழுந்த கதை புலவர் கையில் காப்பியமாகி, மீண்டும் வயற்புற மக்களின் வாய்ப்பாட்டாகித் திரும்பிவிட்டது.

இத்தகைய மண்ணிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் நம் காலத்தில் எழுந்த இரு எழுத்தாளர்களைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன். ஒருவர் முள்ளியவளையைச் சேர்ந்த வே. சுப்பிரமணியம், முல்லைமணி என்ற பெயரால் நாடறிந்தவர். மற்றவர் அடுத்த ஊராகிய தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன். இருவரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர்கள். ஆயினும் இருவரும் நோக்கிய திசைகள் வேறு.

முல்லைமணி நோக்கியது பழங்காலத்தை. ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடு என்றோர் இடம் உண்டு. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி, கப்டன் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் பண்டாரவன்னியனை இவ்விடத்திற் தோற்கடித்தான் என்ற செய்தியைப் பொறித்து ஆங்கிலேயர் காலத்தில் அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியிருந்தான். வென்றவன் புகழுக்காக நாட்டிய கல் அது. ஆனால் வழிப்போக்கரான வன்னி மக்கள் அக்கல்லிலே தேடிப் படித்தது தோற்றவன் பெயரைத்தான். டிறிபேர்க்கை எவரும் பாடவில்லை. பண்டாரவன்னியன் மக்கள் நாவில் வாழ்ந்தான்.

அரசாங்க ஏடுகளில் அவன் ஒரு கலகக்காரன். ஊரார் கதையில் அவன் காக்கை வன்னியனாற் காட்டிக்கொடுக்கப்பட்ட வீரன். யாழ்ப்பாண வைபவமாலை கூறும் சங்கிலி மன்னன் கதையிலும் காட்டிக்கொடுத்தவன் பெயர் காக்கை வன்னியனே. ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரு நிகழ்ச்சிகளில் ஒரே பெயர் வருவது வரலாற்று ஆசிரியரை மயங்க வைக்கலாம். ஆனால், துரோகம் என்ற கொடுமையை ஒரே பெயரிட்டுப் பாதுகாப்பது மக்கள் நினைவின் இயல்பு என்பதை நாடகாசிரியர் அறிவார். கல்லின் சுருக்கமான செய்தியையும் மக்களின் நீண்ட நினைவையும் இணைத்து, பண்டாரவன்னியன் என்னும் நாடகத்தை முல்லைமணி ஆக்கினார். இரவிரவாகக் கூத்துப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, தம் மண்ணின் தலைவனையே மேடையிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. பின்னர் மல்லிகைவனம், கமுகஞ்சோலை முதலிய நாவல்களையும் அவர் எழுதினார்.

பாலமனோகரனோ நிகழ்காலத்தை நோக்கினார். அரசரும் படையும் அவர் கண்ணிற் படவில்லை. தண்ணீரூற்றுக்குத் தெற்கே, குமுழமுனைக்கும் அப்பால், காடு சூழ்ந்து கிடந்த தண்ணிமுறிப்பு என்னும் குளக்கட்டு ஊர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வயலும் வேட்டையும் தேனும் பாலுமாக வாழ்ந்த சில குடும்பங்கள். கதிராமன் என்னும் இளைஞன். பதஞ்சலி என்னும் பேதைப்பெண். வெளியிலிருந்து பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியர். இவர்களைக் கொண்டு அவர் எழுதிய நிலக்கிளி 1973ஆம் ஆண்டு வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது.

நிலக்கிளி உயரப் பறவாத பறவை. நிலத்தை ஒட்டியே வாழ்வது, எளிதிற் பிடிபடுவது. தம் கதைத்தலைவியின் கள்ளமற்ற வாழ்வுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை என்று ஆசிரியர் கண்டார். நூலகத்தில் அமர்ந்து தேடுவோருக்கு இவ்வுவமை அகப்படாது. காட்டுவழியே நடந்தவருக்கே அகப்படும். வாசகரும் அதனை உணர்ந்தனர்போலும். நூலின் பெயரே ஆசிரியருக்கு அடைமொழியாகி, நிலக்கிளி பாலமனோகரன் என்று அவர் அழைக்கப்படலானார்.

இங்கே ஓர் ஒப்புமை பயன்படும். லெனாட் வுல்வ் என்னும் ஆங்கிலேயர் 1904இல் இலங்கைக்கு அலுவலராக வந்து, முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலும் பணியாற்றினார். அங்கு கண்ட வறண்ட காட்டூர்களை வைத்து 1913இல் ஒரு நாவல் வெளியிட்டார். ஏழைச் சிங்களக் குடியானவரின் துன்பத்தை இரக்கத்தோடு எழுதிய நூல் அது. அதில் காடு ஒரு பகைவன். இறுதியில் ஊரையே விழுங்கிவிடுகிறது. பாலமனோகரன் காட்டும் காடோ அன்னம் அளிக்கும் தாய். அச்சமும் தருவாள், அடைக்கலமும் தருவாள். அந்நியர் கண்டதும் உண்மையே. எனினும், உள்ளிருந்து கண்டவர் சொல்லாதிருந்தால் நமக்குப் பாதி உண்மையே கிடைத்திருக்கும்.

காலம் பின்னர் கொடிதாயிற்று. 1984ஆம் ஆண்டு தண்ணிமுறிப்பு மக்கள் ஊரைவிட்டு அகல நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு போரின் இறுதிக் கட்டத்தில் முள்ளியவளையும் அயலூர்களும் மக்களின்றிக் கிடந்தன. பாலமனோகரன் டென்மார்க்கிற்குப் புலம்பெயர்ந்தார், அங்கிருந்தும் எழுதினார். இன்று ஓர் இளைஞன், தன் பாட்டன் தண்ணிமுறிப்பில் எவ்வாறு வாழ்ந்தான், எந்தச் சொல்லாற் காட்டை அழைத்தான், எவ்வாறு மாடு சாய்த்தான் என்று அறிய விரும்பினால், அவன் கையிற் கொடுக்க நமக்கு ஒரு நாவல் இருக்கிறது. உறுதிப்பத்திரம் காணியின் எல்லையைச் சொல்லும். அக்காணியில் வாழ்ந்தவரின் பேச்சையும் சிரிப்பையும் சொல்ல அதனால் இயலாது. அதனை எழுத்தாளன் ஒருவனே சொல்ல வல்லான்.

ஆனால் எழுதப்பட்ட ஊர் ஒன்று என்றால், எழுதப்படாத ஊர்கள் எத்தனை! ஒவ்வொரு குளக்கட்டுக்கும் ஒரு கதை இருந்தது. அதனை அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். இளங்கோவடிகளிடம் குறவர் தாமே வந்து சொன்னார்கள். நம் காலத்திலோ எழுத விரும்புவோரே தேடிச்சென்று கேட்டல் வேண்டும். உயர்ந்த பொருளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. வீட்டுத் திண்ணையிலே இருக்கும் அம்மம்மாவிடம், அப்பு ஆச்சியிடம் ஒரு மாலைப்பொழுது இருந்து கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். முல்லைமணிக்கும் பாலமனோகரனுக்கும் நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே. ஊற்று வற்றவில்லை, இறைப்போரைத்தான் அது எதிர்பார்த்திருக்கிறது.