சைக்கிளும் சராசரி வேகமும்

சைக்கிளில் வரும் நண்பரிடம், "என்ன வேகத்தில் வந்தீர்கள்?" என்று கேட்டால், உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும், நல்ல சாலையில் காற்றும் துணை நின்றபோது அவர் கண்ட வேகமாகவே இருக்கும். சராசரி வேகம் என்பது வேறு.

20 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு ஒருவர் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறார். எதிர்க்காற்றில் 10 கிலோ மீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி 15 என்றே மனம் சொல்லும். ஆனால், போக ஒரு மணி, வர இரண்டு மணி. ஆக 40 கிலோ மீட்டருக்கு 3 மணி நேரம். சராசரி 13⅓ தான். மெதுவாகச் செல்லும் வழியிலேயே நம் பொழுது மிகுதியாகக் கழிகிறது, அதுவே காரணம்.

கிலோ மீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் இக்குழப்பம் இல்லை. போகையில் 3, வருகையில் 6. சராசரி 4½ நிமிஷம். 60-ஐ 4½-ஆல் வகுத்தால் அதே 13⅓ கிடைக்கிறது.

பிரான்ஸில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் சென்று திரும்பும் நெடும்பயணம் 1891-இல் தொடங்கியது. 2023-இல் நடந்தபோது இந்தியர் பலரும் அதில் கலந்துகொண்டனர். தூரம் ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டர். மிக நீண்ட கெடு 90 மணி. வகுத்துப் பாருங்கள்; இங்கும் 13⅓ தான்! 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் உண்ணும்போதும், உறங்கும்போதும், பஞ்சர் ஒட்டும்போதும் கடிகாரம் நிற்பதில்லை. 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு 60 மணி போக 30 மணி மிஞ்சும். 18-இல் ஓட்டுபவருக்கு மிஞ்சுவது 23 மணி 20 நிமிஷமே. அந்த 6 மணி 40 நிமிஷம் ஓர் இரவின் உறக்கம். உறக்கத்தை இழந்து இருட்டில் சைக்கிள் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

இழந்த நேரத்தை விரைந்து ஓட்டி மீட்டுவிடலாம் என்பதும் எளிதன்று. காற்றில்லாத சமவெளியிலுங்கூட, வேகம் இரு மடங்கானால் காற்றின் தடையை வெல்ல வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே, அலுவலகம் செல்பவரானாலும் நெடும்பயணம் செய்பவரானாலும், நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சற்று முன்னதாகப் புறப்படுவதே அறிவுடைமை.