பிரேக் இல்லாத வண்டி

வாழ்க்கை வரலாறு எழுதப் புகும் நம்மவர்கள் பெரும்பாலும் மாலை சூட்டுவார்கள். இல்லையேல் மண் அள்ளித் தூற்றுவார்கள். இந்த இரண்டுக்குள்ளும் அடங்காத ஒரு மனிதரை இன்று பார்ப்போம். பெயர் லயனல் வான் பிராக். 1908இல் அவுஸ்திரேலியாவில், சிட்னியில் பிறந்தவர்.

அவருடைய தொழில் 'ஸ்பீட்வே' எனப்படும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி. நீள்வட்டமான மண் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடவேண்டும். வண்டிக்குப் பிரேக் கிடையாது, கியரும் ஒன்றே. எரிபொருள் மெதனோல். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னி மக்களுக்கு, வேறு எண்ணெயில் ஓடும் இயந்திரம் புதினமல்ல. ஆனால் வளைவில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பூட்டிய இடது காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் திருப்புவது தனிவித்தை.

1936 செப்டெம்பரில் இலண்டன் வெம்பிளி அரங்கில் முதலாவது உலகப் பட்டப் போட்டி நடந்தது. வான் பிராக்கும் இங்கிலாந்து வீரர் எரிக் லாங்டனும் சமபுள்ளி பெற்றார்கள். இருவருக்கும் தனியோட்டம் வைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே லாங்டன் நாடாவை அறுத்துவிட்டார். விதிப்படி அவரை விலக்கியிருக்கலாம். "அப்படிக் கிடைக்கும் பட்டம் எனக்கு வேண்டாம்" என்ற கருத்தில் வான் பிராக் மறுஓட்டம் கேட்டார். அதில் கடைசி வளைவுவரை லாங்டனே முன்னால். அங்கே கிடைத்த சிறு இடைவெளியில் புகுந்து, ஒரு சில்லளவுகூட இல்லாத வித்தியாசத்தில் வான் பிராக் வென்றார்.

கதை இத்துடன் முடிந்தால் மாலை சூட்டிவிடலாம். ஆனால் இன்னொரு பேச்சும் எழுந்தது. முதல் வளைவை முதலில் அடைபவருக்கே பட்டம், பரிசுப் பணம் இருவருக்கும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்களாம். வாக்கை மீறியதற்காக வான் பிராக் பின்னர் 50 பவுண் கொடுத்தாராம். உண்மை அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

பிறகு உலகப்போர் வந்தது. வவுனியாவிலும் பிரித்தானியர் விமானத்தளம் அமைத்த காலம் அது. வான் பிராக் அவுஸ்திரேலிய விமானப்படையில் சார்ஜன்ட் தர விமானியானார். 1942 ஜனவரியில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பா நீரிணைக்கு மேலே அவருடைய டிசி-2 விமானத்தை யப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. தாமாக நீந்த இயலாத இருவரை அவரும் சக விமானியும் தாங்கிக்கொண்டார்கள். சுறாக்களை விரட்டியபடி சுமார் 30 மணி நேரம் கடலில் கிடந்து கரை சேர்ந்தார்கள். கடல் என்றால் என்ன, முப்பது மணி நேரம் என்றால் என்ன என்பதை முல்லைத்தீவுக் கடற்றொழிலாளிக்கு விளக்கவேண்டியதில்லை. அச்செயலுக்காக அவருக்கு ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. 1987இல் காலமானார்.

தடத்தில் வாக்குத் தவறியதாகப் பேசப்பட்டவர், கடலில் இரண்டு உயிர்களைக் கைவிடவில்லை. பதக்கத்தைக் காட்டி அந்த 50 பவுணை மறைத்தாலும், 50 பவுணைச் சொல்லி அந்த 30 மணி நேரத்தைக் குறைத்தாலும், எழுதப்படுவது அவருடைய வாழ்க்கை ஆகாது.

போருக்குள் வாழ்ந்து முடிந்த எத்தனையோ பேரின் கதைகள் வன்னியில் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன. அவர்களை அறிந்தவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். எழுத முனைவோர் இப்போதே அவர்களிடம் போய்க் கேளுங்கள். புகழ்ச்சியைக் கேட்டதும் கொப்பியை மூடிவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.